தளபதிக்கு ஒரு வரன்

போன வாரம் ஒரு மதியம். குக்கரில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. நான் சமையல் மேடையில் சாய்ந்தபடி போனில் மும்முரமாக டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வந்து, "சாப்பாடு ஆச்சா?" என்றார்.

"இருங்க. வாசல்ல குதிரை நிக்குது. தண்ணி காட்டிட்டு வரேன்."

மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். திரும்பி வந்து, "இப்ப போயிடுச்சு போல இருக்குது" என்றார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் ஊர் செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிறார். அவர் உலகத்தில் ஒரு பொருள் சூளையில் வெந்திருக்கும், இல்லையென்றால் வெந்திருக்காது. இருக்கிற மாதிரி இல்லாத குதிரைக்கு அங்கே இடமில்லை.

எனக்கே இன்னும் சரியாகப் புரியவில்லை. புரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

இதற்குப் பெயர் ரோல்பிளே. எழுத்திலேயே நடக்கிற வேஷம். போனில் ஒரு ஆப். அதில் ஒரு குரூப். ஆளுக்கு ஒரு கேரக்டர். ஒருவர் தன் கேரக்டர் என்ன செய்தது, என்ன பேசியது என்று நாலு வரி எழுதுவார். அடுத்தவர் அதற்குப் பதிலாகத் தன் நாலு வரியை எழுதுவார். படம் கிடையாது, குரல் கிடையாது. எழுத்து மட்டும்தான்.

நாடகமா என்றால், பார்க்கிறவர் யாரும் இல்லை. கதையா என்றால், எழுத்தாளர் என்று ஒருத்தர் இல்லை. விளையாட்டா என்றால், ஜெயிப்பதும் இல்லை தோற்பதும் இல்லை. சரி, கதை எப்படி முடியும்? யாருக்கும் தெரியாதாம். அப்புறம் எதற்கு எழுதுகிறார்கள்? இந்தக் கேள்வியை என் மகள் அபிநயாவிடம் கேட்டேன். "அதுக்குத்தாம்மா" என்றாள். நீங்களே சொல்லுங்கள், இது ஒரு பதிலா?

அபிக்கு பெங்களூரில் வேலை. போனை எடுத்தால் எங்கள் உரையாடல் இப்படித்தான் இருக்கும். சாப்டியா? ம். என்ன சாப்ட? சாப்பாடு. வேலை எப்படி இருக்குது? இருக்குது. அப்புறம்? ஒண்ணுமில்ல, வெச்சிடட்டுமா?

இதே பெண் போன தடவை வீட்டுக்கு வந்தபோது போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டு, பக்கம் பக்கமாக டைப் அடித்தாள். யாரோ பையன் என்று எனக்குத் திக்கென்றது. எட்டிப் பார்த்தால், ஒரு கோட்டை முற்றுகையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். பையனே தேவலை என்று தோன்றியது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். புதிதாக எதைப் பார்த்தாலும் கையை விட்டுப் பார்த்துவிட வேண்டும். அவள் பெங்களூருக்குப் போன பிறகு ஒரு நாள் போனில், "எனக்கும் சொல்லிக் குடு" என்றேன். ஆனால் உண்மையான காரணம் வேறு. எனக்கு அவளிடம் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. அதை "ம்" வருகிற போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இதிலாவது பேச்சு வளர்ந்தால் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன்.

திட்டக்குடியில் இருக்கும் என் அண்ணி, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். பையன் டிராக்டர் ஷோரூமில் மேனேஜர். ஒரே பையன். அபி அடுத்த ஞாயிற்றுக்கிழமை லீவில் வருகிறாள் என்றதும், "அன்னிக்கே வந்து பாத்துட்டுப் போங்க" என்று நான் சொல்லிவிட்டேன். எஸ்டேட்டில் புதுக் கோப்பை செட் ஒன்று வாங்கி, கழுவித் துடைத்து அலமாரியில் அடுக்கியும் ஆயிற்று. அபியிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

குரூப்பில் சேர்த்தபோது அவள் எனக்கு மூன்று விதிகள் சொன்னாள். உன் கேரக்டரை மட்டும்தான் நீ நடத்தணும். கதைக்கு வெளியே எதாவது பேசணும்னா அடைப்புக்குறிக்குள்ள எழுதணும். எழுதி முடிச்சதும் அடுத்தவங்க எழுதற வரைக்கும் காத்திருக்கணும்.

பெயர் என்ன வைப்பது? விருத்தாசலத்துக்காரிக்கு வேறென்ன வரும்... எங்கள் ஊர் அம்மன் பெயர்தான், பெரியநாயகி. எல்லைப்புறத்தில் சத்திரம் நடத்துகிறவள். அபியின் கேரக்டர் ஒரு பெண் தளபதி. பெயர் வன்னி. எங்கள் கோயில் மரத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறாள். பெங்களூருக்குப் போனாலும் பெண் ஊரை மறக்கவில்லை என்று எனக்குக் கொஞ்சம் பெருமை.

முதல் நாளே சொதப்பினேன். தளபதி வன்னி குதிரையில் சத்திரத்துக்கு வந்து இறங்குகிறாள் என்று அபி எழுதினாள். என் முறை. நான் எழுதியது இது:

"வன்னி பசியால் வாடியிருந்தாள். பெரியநாயகி போட்ட சோற்றை மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு வாளைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்."

குரூப் முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள். அபி அடைப்புக்குறிக்குள் வந்தாள். "(அம்மா, வன்னிக்குப் பசிக்குதா இல்லையான்னு நான்தான் சொல்லணும்.)"

"(அவ்ளோ தூரம் குதிரையில வந்தவளுக்குப் பசிக்காதா?)"

"(பசிக்கலாம். அதை நீ எழுதக் கூடாது. நீ சோறு போடலாம். சாப்பிடறதும் சாப்பிடாததும் அவ இஷ்டம்.)"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர்களைச் "சாப்பிடறீங்களா" என்று கேட்பதே மரியாதை கிடையாது. கேட்டுப் போடுகிறவள் கஞ்சப் பிசினாறி. இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, உட்கார வைத்துவிட வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் கையால் மறைத்தால், விரல் இடுக்கில் ஒரு கரண்டி விட வேண்டும். அப்படியே வளர்ந்தவளை, சோறு போட்டுவிட்டுத் தள்ளி நில் என்றால் எப்படி?

அந்தக் குரூப்பில் ரஃபீக் என்று ஒரு தம்பி. மங்கலம்பேட்டைக்காரர், துபாயில் வேலை. கதையில் அவர் மருந்து வியாபாரி. அவர்தான் பொறுமையாகச் சொன்னார். "(அக்கா, எல்லாரும் ஆரம்பத்துல இந்தத் தப்பு பண்ணுவாங்க. நான் முதல் நாளே ராஜாவ சாகடிச்சிட்டேன். ராஜாவா இருந்தவரு ரெண்டு வாரம் என்கிட்ட பேசல.)"

கொஞ்சம் தைரியம் வந்தது. ஒரு யோசனையும் வந்தது. போனில் "ம்" என்கிறவள் இங்கே நான் எழுதும் ஒவ்வொரு எழுத்தையும் படிக்கிறாள். பதிலும் எழுதுகிறாள். அப்படியென்றால் விஷயத்தை இங்கேயே சொல்லிவிட்டால் என்ன?

உட்கார்ந்து எழுதினேன்.

"பெரியநாயகி தளபதியிடம் சொன்னாள்: அம்மா, மேற்கே ஏரிக்கரை நாட்டிலிருந்து ஒரு நல்ல குடும்பம் ஞாயிற்றுக்கிழமை சத்திரத்துக்கு வருகிறது. பையன் பெரிய குதிரை லாயத்தில் மேற்பார்வையாளர். ஒரே பையன். எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. நீ அன்றைக்குக் கவசம் போடாமல் இருந்தால் நன்றாக இருக்கும்."

அபிக்குக் கட்டாயம் புரியும் என்று நினைத்தேன். ஆனால் அவளுக்கு முன்னால் மற்றவர்கள் பாய்ந்துவிட்டார்கள். இவர்களுக்குக் கதையில் யாராவது புதிதாக வந்தால் போதும், கல்யாண வீட்டுப் பாயசம் மாதிரி. அந்தப் பையன் எதிரி நாட்டு ஒற்றன் என்றார் ஒரு மந்திரவாதி. அவனாக நான் ஆடுகிறேன் என்றார் ரஃபீக். ஆடவும் ஆரம்பித்தார். வெற்றிலைத் தட்டுக்கு அடியில் கத்தியை வைத்துக்கொண்டு, மீசையைத் தடவியபடி, பார்ப்பவர்களிடமெல்லாம் இளித்துக்கொண்டு வந்தான் பையன்.

எனக்குச் சுருக்கென்றது. "(அந்தப் பையன் அப்படியெல்லாம் இல்ல)" என்று எழுதிவிட்டேன்.

"(எந்தப் பையன்க்கா?)" என்றார் ரஃபீக்.

அதன்பிறகு குரூப்பில் சத்தமே இல்லை. எழுத்தில் மட்டும் நடக்கிற இடத்தில் சத்தம் எப்படி இருக்கும், எப்படி இல்லாமல் போகும் என்கிறீர்களா? அன்றைக்கு இல்லாமல் போனது எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் அபியின் பதில் வந்தது. அடைப்புக்குறி இல்லாமல், வன்னியாகவே எழுதியிருந்தாள்.

"வன்னி எழுந்து நின்றாள். 'சத்திரக்காரி, வருகிறவர் நல்லவராகவே இருக்கட்டும். அவரை நான் ஒரு குறையும் சொல்லவில்லை. அவருக்காகக் கூடம் பெருக்கி, கோப்பை கழுவி அடுக்கி, எல்லாம் முடித்த பிறகு எனக்குச் சொல்கிறாய். இந்தச் சத்திரத்தில் என் குதிரையை அவிழ்ப்பதற்குக்கூட என்னைக் கேட்கிறார்கள். வாருங்கள் என்று அவர்களுக்குச் சொல்லும் முன்னால், வரட்டுமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வரட்டும் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.'"

மூன்று தடவை படித்தேன். கண் கலங்கிவிட்டது. என் பெண் என்னிடம் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசி எத்தனை நாளாயிற்று? ஆனால் பேசியது என் பெண்தானா? இல்லை, தளபதியா? கோப்பை சங்கதி இவளுக்கு எப்படித் தெரியும்? சும்மா வாயில் வந்ததா?

வீட்டுக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார்.

"கோப்பை வாங்கினத நீங்க சொன்னீங்களா?"

"நான் எதுக்குச் சொல்றேன். இது யாரு எழுதினது?"

"வன்னி."

"வன்னின்னா?"

"நம்ம அபிதான்."

"அப்ப கோவம் யாருக்கு?"

அதுதான் எனக்கும் புரியவில்லை.

"(அக்கா, உங்க டர்ன்)" என்றார் ரஃபீக். என்னத்தை எழுதுவது? "பெரியநாயகி வருத்தப்பட்டாள், வன்னி சமாதானமானாள்" என்று எழுதலாம் என்று பார்த்தால், முதல் பாதிதான் என்னுடையது. இரண்டாம் பாதியை எழுத எனக்கு உரிமை இல்லை.

நினைத்துப் பார்க்கிறேன்... நம்மில் யார்தான் தன் கேரக்டரை மட்டும் நடத்துகிறோம்? எதிர்வீட்டுப் பையன் என்ன படிக்க வேண்டும் என்பது ஜங்ஷன் டீக்கடையில் முடிவாகிறது. அவனுக்கு எப்போது கல்யாணம் என்பதைப் பாலக்கரையில் பூ வாங்குகிறவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அவனுக்கு மட்டும்தான் டர்னே வருவதில்லை.

அண்ணிக்குப் போன் போட்டேன். "அண்ணி, ஞாயித்துக்கெழம வர வேணாம்னு சொல்லிடுங்க."

"ஏம்மா, பொண்ணுக்கு லீவு கெடைக்கலியா?"

நல்ல பொய், அண்ணியே எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்றால் முடிந்தது. ஆனால் வாய் வரவில்லை. "லீவெல்லாம் இருக்குது அண்ணி. நாங்க இன்னும் அவள கேக்கல."

"கேக்காமயா வரச் சொன்ன?" என்றார். அதோடு விடவில்லை. "அன்னிக்கு உன்ன பாக்க நாங்க வந்தமே, உன்ன கேட்டுட்டா வந்தோம்? இப்ப நீ நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்கறேன் அண்ணி. கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா கேட்டிருக்கலாம்" என்று வந்துவிட்டது.

"சரி, அவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று அண்ணி போனை வைத்துவிட்டார். கோபமா, வருத்தமா? அதுவும் எனக்குத் தெரியவில்லை. இந்த வாரம் எனக்கு எதுதான் தெரிந்தது?

சூட்டோடு சூடாக ஆப்பைத் திறந்தேன். அடைப்புக்குறி போட்டேன். "(அபி, இது அம்மா. சத்திரக்காரி இல்ல. திட்டக்குடியிலேர்ந்து அத்தை ஒரு வரன் சொன்னாங்க, பையன் டிராக்டர் ஷோரூம்ல மேனேஜர். உன்ன கேக்காம வரச் சொன்னது என் தப்பு. இப்ப வேணாம்னு சொல்லிட்டேன். வரட்டுமா, வேணாமா? நீ சொல்றதுதான்.)"

அனுப்பிவிட்டு, நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"(அக்கா)" என்றார் ரஃபீக். "(இது எங்க எல்லாருக்கும் தெரியுது.)"

கதைக்கு வெளியே பேசத்தான் அடைப்புக்குறி. குரூப்புக்கு வெளியே பேச அல்ல. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மந்திரவாதி அதற்குள் "(டிராக்டர் ஷோரூம் நல்ல வேலைதான்)" என்று கருத்துச் சொல்லிவிட்டார். பெண்ணின் மானத்தைச் சந்திக்கு இழுத்துவிட்டேனே! அழிப்பதற்கு எங்கே அமுக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அபி.

"அம்மா."

"தெரியாம எல்லாருக்கும் போயிடுச்சும்மா. அழிக்கத்தான் பாக்கறேன்..."

"இருக்கட்டும், அழிக்காத." சிரிக்கிறாளா, அழுகிறாளா? "வேணாம்மா. இப்ப வேணாம்."

ஏன் என்று நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கினேன். "சரி" என்றேன்.

"சரின்னா?"

"சரின்னா சரிதான்."

அடுத்தது அவள் முறை என்று காத்திருந்தேன். பிறகு அவளாகவே ஆரம்பித்தாள். ஆபீஸில் டீம் மாற்றியது, புது டீமில் பேசக்கூட ஆளில்லாமல் இருந்தது, அதனால்தான் இந்தக் குரூப்பில் சேர்ந்தது, ரூம் மேட் காலி செய்துகொண்டு போனது... இதெல்லாம் எப்போது நடந்தது? நான் ஒவ்வொரு நாளும் "சாப்டியா" கேட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான்.

போனை வைத்ததும் வீட்டுக்காரர் கேட்டார். "என்ன சொல்றா?"

"வேணாமாம்."

"யாரு சொல்றது? நம்ம பொண்ணா, அந்தத் தளபதியா?"

யாராக இருந்தால் என்ன? அரை மணி நேரம் பேசியது என்னிடம்தானே.