இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கு

சிங்கப்பூரில் இருக்கும் ஓர் உள்ளலங்கார நிறுவனத்துக்கு நான் பரீட்சைப் படம் அனுப்ப வேண்டியதற்கு முதல் நாள், என் பழைய கணினியில் வைரஸ் புகுந்து விண்டோஸ் செத்துப்போனது. வீட்டிலிருந்தபடியே முப்பரிமாணப் படம் வரையும் வேலை. ஓர் அறையை வரைந்து, மறுநாள் மாலை ஐந்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

அது கிடைத்தால் என் கணவர் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவதை நிறுத்தலாம். போன மாதம் மழையில் சறுக்கி விழுந்தார். முழங்கையோடு போனது. அடுத்த முறை எதோடு போகுமோ என்று நான் பயப்படாத நாள் இல்லை. பாலம் தாண்டாமல் பக்கத்திலேயே குலாயில் ஒரு தொழிற்சாலை அவரைக் கூப்பிடுகிறது, பாதிச் சம்பளத்துக்கு. மீதியை நான் சம்பாதிக்க வேண்டும். கிடைத்த பிறகு சொல்லலாம் என்று அவரிடம் வாயே திறக்கவில்லை.

வரைந்த அறை தனி டிஸ்க்கில் தப்பித்திருந்தது. எனவே விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டேன். சமர்த்தாக ஏறியது. ஆனால் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவு. என் அறையைத் திறந்தால் திரை அப்படியே உறைந்தது. கிராபிக்ஸ் கார்டுக்கு ஏற்ற டிரைவர் இல்லாவிட்டால் அந்தக் கார்டு வெறும் தகரம் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். ஒன்றைப் போட்டேன், பொருந்தவில்லை. இன்னொன்றைப் போட்டேன், திரை இருண்டது. ஆத்திரத்தில் மேசையைக் குத்தினேன். மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் மத்தியானம்தான் டிரைவரின் சரியான பதிப்பு அகப்பட்டது. அது பாதி ஏறியதும், ஒரு வாய் சோறு போட்டுக்கொள்ளலாம் என்று அடுப்படிக்குப் போனேன். அப்போது இடித்தது. எங்கள் ஸ்கூடாயில் மத்தியான இடி சொல்லிக்கொண்டு வராது.

திரும்பி வந்தால், மாமியார் கையில் கணினி பிளக்கோடு நிற்கிறார்.

"நல்ல வேளை நான் பாத்தேன்மா. நீ மறந்துட்ட" என்றார்.

போன வருடம் இடியில் டிவி கருகியபோது, "இடிச்சா மொதல்ல பிளக்க புடுங்கிருங்க அத்தை" என்று படித்துப் படித்துச் சொன்னவளே நான்தான். அவரை என்னவென்று திட்டுவது? "பரவால்ல அத்தை" என்றேன்.

இடி ஓய்ந்து கணினியைப் போட்டால், கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்சிமிட்டியது. லினக்ஸை முதலிலிருந்து போட்டேன். போடும்போதே அழுகை வந்தது. எல்லாம் ஏறி, அறை பளிச்சென்று திறந்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. இருந்தாலும் அனுப்பினேன். நேரம் முடிந்துவிட்டது, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று உடனே பதில் வந்தது. இத்தனை மரியாதையாக என்னை யாரும் கொன்றதில்லை.

கணவர் தொப்பலாக நனைந்து வந்தார். கழற்றிய மழைக்கோட்டைக் கையில் பிடித்தபடியே திரையை எட்டிப் பார்த்தார்.

"அலமாக்! சூப்பரா இருக்குலா. ஜன்னல்ல மழத்துளி கூட தெரியுது. யாருக்கு இது?"

"சும்மா வரைஞ்சேன்."

அவர் மழைக்கோட்டை நாற்காலி முதுகில் விரித்துப் போட்டார். "காலைல போறதுக்குள்ள இது காஞ்சிருமா?"

"காஞ்சிரும்" என்றேன். மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன்.