கழற்ற முடியாத காப்பு

போன சனிக்கிழமை இரத்தினபுரியில் ஒரு நகைக்கடையில் நின்று சவர்க்காரம் கேட்டேன். கை கழுவ அல்ல... ராசம்மா அக்காவின் கையில் காப்பு ஏற்ற!

ராசம்மா அக்கா நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருஷம் கொழுந்து பறித்தவர். இப்போது ஓய்வு. வேலை விட்டதும் கிடைக்கிற சேமலாப நிதிப் பணத்துக்கு ஃபோரம் நிரப்பிக் கொடுத்தவள் நான். தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் என்றால் இதுவும் நம் வேலைதான்.

பணம் வந்ததும் வழக்கம்போல புத்தி சொன்னேன். "அக்கா, பேங்கில ஃபிக்சட் போடுங்க. வட்டி வரும்."

"வட்டிக்கு முன்னால சின்ராசு வருவானே டீச்சர்!"

சின்ராசு அவருடைய ஒரே மகன். நல்லவன்தான். ஆனால் மாணிக்கம் தோண்டுகிற குழிப் பைத்தியம். எங்கள் பக்கத்தில் இது தொற்று வியாதி. அவனுடைய அப்பாவும் தன் சேமலாப நிதியை அப்படியே ஒரு குழியில் பங்கு போட்டார். குழியில் தண்ணீர்தான் ஊறியது. கடைசிக் காலத்தில் அவருக்கு மருந்து வாங்க, அக்கா லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றார். அதைப் பார்த்தவள் நான்.

"உங்க கையெழுத்து இல்லாம ஒருத்தரும் எடுக்க முடியாதுக்கா" என்றேன், விடாமல்.

"அதான் பயமே. அவன் வந்து கண்ணு கலங்குனா நான் போட்டுக் குடுத்துருவேன். என்னைய எனக்குத் தெரியாதா?"

அந்தப் பணத்தில் காப்புச் செய்யக் கொடுக்க அவரோடு நகைக்கடைக்குப் போனேன்.

இரண்டு காப்பு. நல்ல கனம். அளவு கொடுத்த அன்றே ஆசாரி தயங்கினார். "இவ்வளவு சின்னதா செஞ்சா அப்புறம் கழட்ட வராதுங்கம்மா."

"வரக்கூடாதுங்க. அதுக்குத்தான்."

சனிக்கிழமை கையில் பொலித்தீன் பையைச் சுற்றி, சவர்க்காரம் தடவி, ஆசாரி ஒரு தள்ளு தள்ளினார். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மற்றக் கையையும் நீட்டினார்.

"திருடன் வந்தா என்னக்கா செய்வீங்க?" — பஸ்ஸில் கேட்டேன்.

"வெளியில இருந்து வர்றவனுக்கு நாய் இருக்கு டீச்சர்."

ஞாயிற்றுக்கிழமையே சின்ராசு வந்துவிட்டான். நானும் அங்கேதான் இருந்தேன். "அம்மா, இல்லம் தெரியுதும்மா! இன்னும் ரெண்டே அடி!" மாணிக்கம் கிடக்கிற சரளை மண்ணைத்தான் இங்கே இல்லம் என்பார்கள். எந்தக் குழியிலும், எந்தக் காலத்திலும், அது இன்னும் இரண்டே அடியில்தான் இருக்கும்!

"கழட்டிக்கப்பா" என்று அக்கா கையை நீட்டினார். தேங்காயெண்ணெய் ஊற்றி இழுத்தான். கை சிவந்ததுதான் மிச்சம்.

"கடையில அறுத்துத் தாங்கம்மா!"

"அறுக்கலாம்ப்பா. நான் படுக்கையில விழுந்தா டீச்சர் கூட்டிட்டுப் போய் அறுத்து வித்து வைத்தியம் பாப்பாங்க. ஆசாரிகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்... நானே கால்ல நடந்து வந்து கேட்டா அறுக்காதீங்கன்னு."

சின்ராசு கதவை அறைந்துவிட்டுப் போனான். அக்கா எண்ணெய்க் கையோடு உட்கார்ந்து அழுதார். பெற்ற பிள்ளைக்கு முதல் தடவையாக இல்லை என்று சொல்லியிருக்கிறார், அழாமல் என்ன செய்வார்? நானும்தான் அழுதேன்.

திங்கட்கிழமை இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னால், கணக்கு மாஸ்டர் சிரிக்கிறார். "பொம்பளைங்களுக்கு நகை ஆசை, வேற என்ன?" எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் விடவில்லை. தாளை எடுத்து செய்கூலி, சேதாரம், பத்து வருஷ வட்டி எல்லாம் எழுதி, எவ்வளவு நஷ்டம் என்று அடிக்கோடு போட்டு நீட்டினார்.

வாங்கி, நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"கணக்கு சரிதான் மாஸ்டர். ஆனா இதில எங்கயுமே சின்ராசு இல்லையே!"