கிடார் எப்போது வரும்?

எலக்ட்ரானிக் இசை பற்றி எனக்குப் பல வருடங்களாக ஒரே அபிப்பிராயம்தான்: வாசிக்கத் தெரியாதவர்கள் பட்டனை அமுக்குகிறார்கள். கம்பியை அழுத்தி அழுத்தி விரல் நுனியெல்லாம் காய்த்துப் போனவனுக்கு அந்தத் திமிர் இருக்கத்தான் செய்யும். ராக் இசையில்கூட நான் முழுப் பாட்டைக் கேட்டதில்லை. லீட் கிடார் தனியாகக் கிளம்பும் இடத்துக்காகக் காத்திருப்பேன். அது வந்து போனதும் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவேன். பாயசத்தில் முந்திரியை மட்டும் பொறுக்குகிற பிள்ளையின் ரசனைதான். அதில் எனக்குக் கூச்சமே இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் சிநேகிதனும் திருப்பரங்குன்றத்தில், அவன் குடும்பத்தின் ஜவுளிக் குடோன் மாடியில் வாசிப்போம். நான் லீட் கிடார், அவன் அடியில் நின்று பாட்டைத் தாங்கும் பேஸ் கிடார். டிரம்ஸ் அடித்தவன் வேலை கிடைத்து பெங்களூர் போன பிறகும் நாங்கள் இருவரும் விடவில்லை. கல்லூரியில் தொடங்கிய பழக்கம், கல்யாணம் ஆன பிறகும் தொடர்ந்தது. வாரம் முழுக்க இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கவிழ்ந்த டிராக்டர்களைப் பற்றிப் பேசுகிறவனுக்கு அந்த ஒரு நாள்தான் மூச்சு.

போன வருடம் ஒரு ஞாயிறு நான் மாடியேறியபோது அவனுடைய பேஸ் கிடார் உறைக்குள் இருந்தது. மேசைமேல் லேப்டாப்பும், உடம்பெல்லாம் திருகு குமிழ்களாக ஒரு சின்னப் பெட்டியும்.

"மாப்ள, இனிமே நான் இதுதான்டா. கிடார் பாட்டு போதும்."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"ஒரு மாசம் கேட்டுப் பாரு. பிடிச்சா சேந்து பண்ணுவோம். இல்லையா, நான் தனியாப் போறேன். கோவிச்சுக்கிராத."

கோபம் வந்தது. மறைப்பானேன்? ஆனால் கோபத்தைவிடக் குழப்பம் பெரிதாக இருந்தது. இத்தனை காலம் என் பக்கத்தில் நின்றவனை அந்தப் பெட்டி எதைக் காட்டி இழுத்தது? அதைக் கண்டுபிடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் போகும், அவனும் போவான் என்று பயமாக இருந்தது.

அவன் போனில் அனுப்பிய எலக்ட்ரானிக் இசைத் துண்டுகளை, வேலையாக உசிலம்பட்டி போகும் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டேன். ஒரே சீராக ஒரு 'டும்'. நாகமலை வந்தது, அதே 'டும்'. செக்கானூரணி வந்தது, அதே 'டும்'. பொறுக்க முடியாமல் அவனுக்கு போன் போட்டேன்.

"என்ன மாப்ள, இது எப்ப ஆரம்பிக்கும்?"

"டேய், அது முடியப் போகுதுடா."

ஒரு வாரம் இப்படியே ஓடியது. ஒவ்வொன்றிலும் நான் கிடாருக்காகக் காத்திருந்தேன். இல்லாத கிடார் எப்படி வரும்? தெரிந்தும் காத்திருந்தேன்.

வழி கிடைத்தது அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அவர்கள் வீட்டில் தங்களுக்குள் சௌராஷ்டிர மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். எத்தனையோ வருடமாக அங்கே சாப்பிடுகிறேன், நாலைந்து வார்த்தைக்குமேல் எனக்குத் தெரியாது. ஆனாலும் எப்போது என்னைக் கிண்டல் செய்கிறார்கள், எப்போது அவன் அம்மாவுக்கும் மனைவிக்கும் உரசல் என்பதெல்லாம் எனக்கு அப்படியே தெரியும். எங்கே குரல் இறங்குகிறது, எங்கே ஒருவர் பேச்சை நிறுத்திக்கொள்கிறார் என்று காது தானாகவே பழகியிருந்தது. அன்று அவன் அம்மா ஏதோ சொல்ல, வீடே சிரித்தது, நானும் சிரித்தேன். "ஒனக்கு என்ன புரிஞ்சுச்சு?" என்று அவன் கேட்டான். என்னைப் பற்றித்தான் என்பது புரிந்தது என்றேன். அந்த மேசையில் நான் ஒருநாளும் 'தமிழ் எப்போது வரும்?' என்று காத்துக் கிடந்ததில்லையே என்று அப்போதுதான் தோன்றியது.

மறுநாள் பஸ்ஸில் எதற்கும் காத்திருக்காமல் கேட்டேன். 'டும்'முக்கு நடுவில் ஈரத்துணியை உதறுவதுபோல் ஒரு சின்னச் சத்தம் இருந்தது. அடியில் ஒரு ஒலி, மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பதுபோல் மங்கலாகத் தொடங்கி, மெதுமெதுவாகத் தெளிந்துகொண்டே வந்தது. திடீரென்று அந்த 'டும்'மை எடுத்துவிட்டார்கள். அது நின்ற பிறகுதான் அதற்கு எவ்வளவு நேரமாக என் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. அது திரும்பி வரும்வரை காலுக்கு நிலைகொள்ளவில்லை.

"என்னண்ணே, காலு மரத்துப் போச்சா?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"இல்லண்ணே, பாட்டு" என்றேன். பாட்டு என்று என் வாயிலேயே வந்துவிட்டது.

எல்லாமே பிடித்துவிட்டது என்று புளுக மாட்டேன். சிலதைக் கேட்டால் இன்றைக்கும் வெறும் மிக்ஸியை ஓடவிட்டதுபோல்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றும் மாறாததுபோல் இருந்துகொண்டே எல்லாம் மாறுவது எப்படி என்ற ஆச்சரியம் பிடித்துக்கொண்டது. ஒரே துண்டை மூன்று நான்கு முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு ஒலியை மட்டும் பின்தொடர்ந்து பார்ப்பேன்.

மாதம் முடிந்தது. குடோன் மாடிக்குப் போனேன். அவன் சொந்தமாக ஒன்று செய்து வைத்திருந்தான். முதலில் பிடித்ததா இல்லையா என்று கேட்பான் என்று நினைத்தேன். அவனோ என் கிடாரை ஆம்ப்ளிஃபயரில் செருகி, ஒரு கம்பியில் ஒரு இடத்தைக் காட்டினான்.

"இந்த ஒரு நோட்டு. இதையே வாசிச்சுக்கிட்டு இரு. ஒண்ணும் சேக்காத."

"இதுக்கு நான் எதுக்குடா?"

"வாசி, சொல்றேன்."

தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் விரல் துறுதுறுத்தது. கம்பியை லேசாக வளைத்தேன். அவன் நிறுத்தினான். மறுபடி தொடங்கினோம். கடைசியில் விரலைக் கம்பியில் கொஞ்சம் சறுக்கவிட்டேன், யாருக்கும் தெரியாது என்று. அதற்கும் நிறுத்தினான். அடுத்த முறை எனக்கே எரிச்சல் வந்து கையை எடுத்துவிட்டேன்.

"ஒரு மனுசன் எப்படிடா இதையே வாசிச்சுக்கிட்டு நிப்பான்?"

அவன் பெட்டியின் குமிழைத் திருப்பிக்கொண்டே, நிமிராமல் சொன்னான்: "இம்புட்டு வருஷமா ஒனக்குக் கீழ நான் அதத்தானடா வாசிச்சேன்."

குத்திக் காட்டும் குரல் இல்லை. சும்மா சொன்னான். என் வாசிப்பு ஒவ்வொன்றையும் நான் இப்போதும் வாயாலேயே பாடிக் காட்டுவேன். அவன் வாசித்ததில் ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை. அந்தப் பெட்டி அவனை எங்கும் இழுத்துப் போகவில்லை. அவன் அதில் தன் வாசிப்பையே கேட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

"போடு" என்றேன்.

அந்த ஒரு நோட்டைப் பிடித்துக்கொண்டேன். வளைக்கவில்லை, சறுக்கவில்லை. அடியிலிருந்து, அவன் வாசித்துப் பதிந்து வைத்திருந்த பேஸ் கிளம்பியது. முதலில் தரையில் தெரிந்தது, பிறகு வயிற்றில், பிறகு அறை முழுக்க. அது இடம் விட்டது, யோசித்தது, திரும்பி வந்தது. அழகாக இருந்தது. இவனுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று வியந்துகொண்டே வாசித்தேன்.

முடிந்ததும் அவன் என்னைப் பார்த்தான். "பிடிச்சிருக்கா மாப்ள?" என்று கேட்டான்.

"இன்னொரு தடவை போடுறா. நீ வாசிச்சத நான் இன்னும் முழுசாக் கேக்கல."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையருகிலேயே இருந்த குமிழை வெகுநேரம் தேடினான்.