நூலக்காவுக்கு வந்த ரிப்போர்ட்

வாயில் நூலைக் கடித்துக்கொண்டே ஊர்வம்பு முழுக்கப் பேசுவாள் என்பதால் பார்லருக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் நூலக்கா. புருவம், மேலுதடு, தாடை என்று பொழுதெல்லாம் அடுத்தவர் முகத்து முடியைப் பிடுங்குகிறவள், தன் தாடையை மட்டும் கடை திறக்கும் முன்பே கதவைச் சாத்திக்கொண்டு முடித்துவிடுவாள். "உனக்கென்னக்கா, வழுவழுன்னு முகம்" என்று யாராவது சொன்னால் சிரித்துவைப்பாள். பின்னே, அழவா முடியும்?

கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிசிஓஎஸ். சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் என்று ஸ்கேனில் சொன்ன நாளிலிருந்து ரத்தம் கொடுப்பதே ஒரு உத்தியோகமாகிவிட்டது. வெறும் வயிற்றில் ஒரு குழாய். குமட்டும் குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு நாற்காலியில் தவம் கிடந்து இன்னொரு குழாய். சர்க்கரை, தைராய்டு, கொழுப்பு, ஹார்மோன் என்று அவர்கள் கேட்டதையெல்லாம் கொடுத்தாள். மாதவிலக்கு தன் இஷ்டத்துக்கு வரும், போகும்; தாடையில் முடி மட்டும் தவறாமல் வரும்.

இந்த முறை டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். ஆண்களுக்கு அதிகமாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது.

"உங்க பிரச்சினைக்கு இவ்வளவு ஏறாதே. வேற கட்டி ஏதாவது இருக்கலாம். இருந்தா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று டாக்டரே சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது? கூட வந்த புருஷனுக்கு முகம் வெளிறிவிட்டது. வயரிங் வேலைக்காரர், கரண்டைக் கையில் பிடிக்கிற மனுஷன், அன்றைக்கு வண்டிச் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு தெருவெல்லாம் தேடினார். வயிற்று ஸ்கேனில் ஒன்றும் பிடிபடவில்லை. பெரிய ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் மட்டும் வாய் திறக்காமல் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். மனசைத் தேற்றிக்கொண்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பெரிய ஸ்கேனுக்குச் சீட்டு வாங்கப் போன அன்றுதான் அந்தக் கூத்து. டாக்டரம்மா குனிந்து எழுதும்போது வகிடு அகலமாகத் தெரிந்தது. தொழில் புத்தி விடுமா?

"டாக்டர், உச்சியிலே முடி ரொம்பக் கொட்டுதே! நான் போடுறதையே போட்டுப் பாருங்களேன்" என்று கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள்.

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பிப் படித்தார். "இது பயோட்டின், முடிக்கு விக்கிற விட்டமின் மாத்திரை. எப்பலேருந்து சாப்பிடுறீங்க? வேற மாத்திரை உண்டான்னு அன்னைக்கே கேட்டேனே!"

"இது மாத்திரை இல்லையே டாக்டர். முடிக்குப் போடுறது. பார்லர் சாமான்!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ரத்தம் பார்க்கும் சில மெஷின்களில் இது ஹார்மோன் கணக்கையே தப்பாகக் காட்டுமாம். ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார். புருஷன் அவளை ஒரு முறை முறைத்தார் பாருங்கள், அப்பப்பா!

நிறுத்தினாள், கொடுத்தாள். புது ரிப்போர்ட்டில் கொஞ்சம்தான் கூடுதல், எப்போதும் இருக்கிற அளவு. கட்டியும் இல்லை, கத்தியும் இல்லை. அதே பழைய பிசிஓஎஸ், அதே மாத்திரை. ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம்.

"அப்பாடா, தப்பிச்சோம்!" என்று படியிறங்கும்போதே புருஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து சாவியை எடுத்தார். திரும்பிப் பார்த்தால் அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏய், என்ன இது? ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னாங்க? இவ்வளவு நாள் பயந்ததெல்லாம் போச்சில்ல?"

"பயந்தது நீங்கதாங்க" என்றாள் அவள். "வெட்டி எடுத்துடுவாங்க, இதோட முடிஞ்சிடும்னு நான் ஆசைப்பட்டுக்கிட்டிருந்தேன்."