கம்பிக்கு முன்னால் நின்ற கான் பாய்

வளைகுடாவில், முசஃபா தொழிலாளர் கேம்பில், ஒரு விடுமுறை மதியம் எங்கள் ரூமில் பழைய கௌபாய் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே தெருவில் மலிவாக எடுத்து முடித்த கறுப்பு வெள்ளைப் படம். விசாரணையே இல்லாமல் ஓர் அப்பாவியை ஊரே சேர்ந்து தூக்கில் போட்டுவிடும். "பாவம்டா" என்று செல்வம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படம் முடிந்து பெட்டியைத் திறந்தவர், மகளுக்கு வாங்கிய தங்கச் செயினைக் காணோம் என்று அலறினார். ரூமுக்குப் புதிதாக வந்தவன் நான் மட்டும்தான்.

"நீதானடா எடுத்த?"

"சத்தியமா இல்லண்ணே!"

நான்கைந்து பேர் என்னைச் சுவரோடு அழுத்தினார்கள். செல்வம் அண்ணன் இரும்புக் கம்பியை ஓங்கினார்.

படம் பார்க்க வந்திருந்த பக்கத்து ரூம் டிரைவர், பெஷாவர்காரரான கான் பாய், சட்டென்று குறுக்கே வந்து நின்றார். "பஸ் கரோ!" என்று, நிறுத்தச் சொல்லிக் கத்தினார். "போலீஸைக் கூப்பிடுங்க. அடிக்கணும்னா முதல்ல என்னை அடிங்க" என்று இந்தியில் சொன்னார்.

கம்பி மெல்ல இறங்கியது. பெட்டியை மறுபடியும் கொட்டிப் பார்த்தபோது, பெட்டியின் உட்புறத்தில் கிழிந்திருந்த துணிக்குள் செயின் கிடந்தது. செல்வம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

நன்றி சொல்ல கான் பாயின் கையைப் பிடித்தேன். அது வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"பயந்துட்டீங்களா பாய்?"

"ரொம்பவே" என்றார்.

பயமே இல்லாதவர்கள்தான் அடுத்தவனுக்காக முன்னால் வந்து நிற்பார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.