குளவி மரத்தின் மேல்

ஒரு காலையில் நான் சரணாலயக் காட்டுக்கு மேலே, பறக்கக் கூடாத உயரத்தில் விமானம் ஓட்டினேன். அது தவறிப்போய் நடந்தது. பிறகு அதைத் தெரிந்தே மறைத்தேன். நான் மறைத்ததால் ஒரு மகன் தன் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினான்.

என் அப்பா மலையகத்தில் வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார். நான் படித்து, பொறியியலாளனாகி, வெளிநாட்டில் வேலை பார்த்து, ஓய்வுபெற்றுக் கொழும்புக்கு வந்த பிறகு விமானம் ஓட்டப் பழகினேன். இந்த வயதில் இது எதற்கு என்று மனைவி கேட்டாள். எனக்கு ஒரே இடத்தில் உட்கார முடிவதில்லை. வேறு பதில் தெரியவில்லை.

அன்றைக்கு நான் பிறந்த தோட்டத்தை மேலேயிருந்து பார்க்கும் ஆசையில் இரத்மலானை விமான நிலையத்திலிருந்து தனியாகக் கிளம்பினேன். நோட்டன் பிரிட்ஜ் வரை வானம் திறந்திருந்தது. அதற்குப் பிறகு முகில் மூடியது. திரும்பியிருக்க வேண்டும். முகிலுக்கு அடியில் ஓர் இடைவெளி தெரிந்ததும் அதற்குள் இறங்கினேன். ஆற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆறு என்று நினைத்தது ஓர் ஓடை. அது என்னைக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனது. மர உச்சிகள் சக்கரங்களை உரசுவது போல ஓடின.

காடு முடிந்து தேயிலை தொடங்கும் எல்லையில் ஒரு பெரிய மரம் நின்றது. அடியில் வெள்ளைப் புகை. அந்த மரத்தை எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தின் மேல்மலை. கொழுந்து பறிக்கும் பெண்கள் தூறலுக்குத் தலையில் பொலித்தீன் போட்டுக் குனிந்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். முகம் தெளிவாகத் தெரிந்தது. நான் எஞ்சின் இரைய விசையை முழுக்கத் திறந்து மேலே ஏறினேன். இரத்மலானையில் இறங்கிய பிறகு, கேட்டவர்களிடம் வானிலை கொஞ்சம் மோசம் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஹட்டனிலிருந்து அக்கா பேசினாள். முந்தின நாள் மேல்மலையில் குளவி கிளம்பிப் பெண்களைக் கொட்டிவிட்டதாம். தோட்டத்துப் பூசாரியின் மருமகளுக்குத்தான் மோசமாம்.

மேல்மலைக்குக் கொழுந்துக்குப் போகும் நாளில், முதலில் அந்த மரத்தடி முனியாண்டிக்குச் சாம்பிராணி போடுவது எங்கள் தோட்டத்து வழக்கம். உச்சிக் கிளைகளில் குளவிக் கூடுகள் தொங்குவது எல்லோருக்கும் தெரியும். மரம் சரணாலய எல்லைக்குள் நிற்பதால் கூட்டைக் கலைக்க அனுமதி இல்லை. சாமி மரம் என்பதால் யாரும் அனுமதி கேட்டதும் இல்லை. அன்று ஈரத்தில் கரி பிடிக்காமல், பூசாரி தேங்காய் மட்டையைப் போட்டு ஊதியிருக்கிறார். புகை மண்டிவிட்டது. அந்தப் புகைதான் குளவியைக் கிளப்பியது என்று தோட்டமே சொன்னது.

"அந்தப் புள்ள ஆஸ்பத்திரியில ஏரோப்பிளேன் வந்திச்சு, ஏரோப்பிளேன் வந்திச்சுன்னு பெனாத்துறாளாம்," என்றாள் அக்கா. "குளவி எரைச்சல் காதுக்குள்ளேயே நின்னுருச்சு போல."

"ஐயோ பாவம்," என்றேன்.

அந்த இரண்டு வார்த்தைதான் என் குற்றம். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். உரிமம் போய்விடும் என்ற பயம். வாத்தியார் மகன் பேர் கெடும் என்ற பயமும் இருந்தது.

மருமகள் பிழைத்தாள். மகன் அவளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். போகும்போது, சாமிக்குப் புகை காட்டி என் பெண்சாதியைக் கொல்லப் பார்த்தீர்களே என்று தொழிலாளர் லயத்து வாசலில் வைத்து அப்பாவைக் கேட்டானாம். பிறகு அவர் அழைத்தால் போனை எடுப்பதில்லை. இதெல்லாம் அக்கா மூலம் எனக்கு வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். மின்விசிறி சத்தம்கூடப் பொறுக்கவில்லை. ஒருநாள் அக்கா வேறொன்று சொன்னாள். பூசாரி பூசையை விட்டுவிட்டார். சட்டையைக் கழற்றிவிட்டு அந்த மரத்தடியில் போய் நிற்கிறார், என்னையும் கொட்டட்டும் என்று.

அதற்கு மேல் முடியவில்லை. விமானத் துறை அலுவலகத்தில் போய் நடந்ததைச் சொன்னேன். உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது எளிதாகத்தான் முடிந்தது. அடுத்து பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன்.

பூசாரி என்னைவிட மூத்தவர். "மாஸ்டர் மகனா, வாங்க தம்பி," என்று பாலில்லாத பிளேன்டீ கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பொகையும் இருந்திச்சு, பிளேனும் வந்திச்சு. எது கெளப்புச்சுன்னு குளவிகிட்டத்தான் கேக்கணும். நீங்க சொல்லியிருந்தா பழியில பாதியாவது எறங்கியிருக்கும் தம்பி."

எல்லோருக்கும் முன்னால் சொல்லச் சொன்னார். மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று சொன்னேன். கூடையும் கையுமாக நின்ற பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அன்னைக்கு ஏரோப்பிளேன்ல வந்த தொர, இன்னைக்கு பஸ்ல வந்திருக்காரு." சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தேவையாக இருந்தது. பூசாரி சிரிக்கவில்லை.

என் போனிலிருந்து அவர் மகனை அழைத்தேன். அவனுக்கும் சொன்னேன். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டான்.

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றாள் அவள். "மயக்கத்துல ஒளர்றேன்னாங்க. எனக்கே புத்தி கெட்டுப்போச்சோன்னு பயந்தேன். மேல இருந்து என்னையப் பாத்தீங்களா ஐயா?"

"பாத்தேன் மா."

"அப்ப நான் சொன்னது நெசம்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருந்திருக்காரு. வாயத் தொறக்கல." பிறகு குரலை மாற்றி, "மாமாகிட்டக் குடுங்க," என்றாள்.

கொடுத்தேன். பூசாரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லயத்துக்குப் பின்பக்கம் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து போனைத் துடைத்துக் கொடுத்தார்.

தைப்பொங்கலுக்கு இருவரும் வந்தார்கள் என்று அக்கா சொன்னாள். மகன் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டானாம். மருமகள் மேல்மலைப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. பூசாரி மறுபடி பூசை செய்கிறார். சாம்பிராணி இல்லை, கற்பூரம் மட்டும். என்னைப் பற்றி யாராவது ஏதாவது கேட்டார்களா என்று கேட்டேன்.

இல்லை என்றாள்.