சனிக்கிழமை ஆடும் மேசை

லிஃப்ட்காரர் வேலையை விட்டுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. குடியிருப்பில் இன்னும் அவரை அப்படித்தான் அழைக்கிறார்கள். அவருக்கும் அதுதான் பிடிக்கும். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழிக்குள் இறங்கி, நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிவிட்டு மேலே வந்து, "ஏறலாம்" என்று அவர் சொன்ன பிறகுதான் ஆட்கள் ஏறுவார்கள். அந்த ஒரு சொல்லுக்குக் கிடைத்த மரியாதையை அவர் ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டில் அதை வைக்க இடம் போதவில்லை. அதனால் சனிக்கிழமை மதியங்களில் அதைத் தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடைக்கும் எடுத்துப் போனார்.

துணி வெளுக்கும் கடைக்கும் சாவி செய்யும் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நிற்கும் சின்னக் கடை. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் எலுமிச்சைப்புல் வாசனையும் தேங்காய்ப்பால் கொதிக்கும் மணமும் முகத்தில் மோதும். அவர் மனைவிக்கு வாரத்தில் அந்த ஒரு மதியம்தான் வெளி உலகம். ஆஸ்பத்திரித் துணிகளை நின்றபடி மடித்து மடித்தே முழங்கால் தேய்ந்து ஓய்ந்தவள். கடைக்காரம்மாவுக்கும் அதே கால்வலி. இருவரும் கால்வலியில் தொடங்கி, மகள்களின் பிடிவாதத்துக்கு வந்து, மறுபடி கால்வலியில் முடிப்பார்கள். மற்ற நாட்களில் அவளுக்குப் பேச்சுத் துணை தொலைக்காட்சியும் இவரும்தான். தொலைக்காட்சியையாவது அணைக்க முடியும் என்பாள்.

இவருக்குச் சாப்பாடு அப்புறம். உட்கார்ந்ததும் இரண்டு கைகளாலும் மேசையை அழுத்திப் பார்ப்பார். மேசை ஆடும். வாராவாரம் ஆடும்.

"பாத்தியா? போன வாரம்தான் முறுக்கினேன். மனுஷனுக்கு மூட்டு லூஸாகலாம், மேசைக்கு ஆகலாமா?"

"உங்க மூட்டை முதல்ல பாருங்க. குனிஞ்சா எழுந்திரிக்க நான் கை கொடுக்க வேண்டியிருக்கு."

பையிலிருந்து ஸ்பேனர் வரும். மேசைக்கு அடியில் போவார், முறுக்குவார், வியர்வையோடு வெளியே வருவார். கடைக்காரம்மா கைகூப்பி நன்றி சொல்வார். அன்று மாலை மாப்பிள்ளைக்குப் போன் போகும். "நான் இல்லேன்னா அந்தக் கடை ஒரு வாரம் தாங்காது மாப்பிள்ளை." மாப்பிள்ளை, "ஆமா மாமா, இதோ அவகிட்ட கொடுக்கறேன்" என்று போனை மகளிடம் தள்ளிவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை மருந்துக்கடையில் வரிசை நீண்டிருந்தது.

"நீ வாங்கிட்டு வா. நான் போய் இடம் பிடிக்கறேன்."

"கொஞ்சம் இருங்களேன், சேர்ந்தே போவோம்."

"என்னத்துக்கு இருக்கணும்? மாத்திரை கொடுக்கறதுக்கு நான் சாட்சியா?" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கண்ணாடி வழியே பார்த்தபோது கடைக்காரம்மா அவர்களுடைய மேசைக்கு அடியில் குந்தியிருந்தார். கையில் ஸ்பேனர். லிஃப்ட்காரருக்கு முதலில் மனம் நிறைந்துபோனது. பாவம், நம்மைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று தானே முயன்று பார்க்கிறார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், குனிந்து பார்த்தார். அந்தக் கை இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தது. யார் எந்த மொழி பேசினாலும் நட்டுக்கு ஒரே திசைதான்.

"அம்மா, அந்தப் பக்கம் திருப்பினா கழண்டுடும்."

கடைக்காரம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். பொய் சொல்லிப் பழகாத முகம்.

"தெரியும் ஐயா."

"தெரியும்னா?"

"உக்காருங்க. அக்கா வரட்டும்."

கல்லாவில் நின்ற பரிமாறுகிறவர் ஏற்கெனவே பளபளத்த டம்ளர் ஒன்றை எடுத்து இன்னும் துடைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் லிஃப்ட்காரருக்கு உறைத்தது. இந்த ஆளுக்கும் தெரியும். இங்கே எல்லாருக்கும் தெரியும். மேசைக்கு அடியில் தான் மூச்சுவாங்கிய ஒவ்வொரு சனிக்கிழமையும் மேலே இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். காது மடல் வரை சூடேறியது.

மனைவி மருந்துப் பையோடு வந்தாள். அவர் நின்ற விதத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

"நீ சொன்னியா?"

"முதல்ல உக்காருங்க."

"நீ சொல்லித்தான் கழட்டி வைக்கறாங்களா?"

"ஆமா. நான்தான் சொன்னேன்." பையை மடியில் வைத்துக்கொண்டாள். "இந்தக் கடை சமையல்கட்டுல குழாயை சரிபண்ணிக் கொடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? அதற்காகக் கடைக்காரம்மா கொடுத்த மாம்பழ இனிப்பைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்.

"நாம வீட்டுக்குப் போன கொஞ்ச நேரத்துல அது பிடுங்கிக்கிச்சு. அரிசி மூட்டையெல்லாம் தண்ணியில. மறுநாள் கடையே திறக்கல."

"எனக்கு ஏன் சொல்லல?"

"எந்த வாயால சொல்றது? நீங்க மாப்பிள்ளைகிட்ட அளந்துகிட்டு இருந்தீங்க. இனிமே இவர் எதையும் தொடாம நான் பாத்துக்கறேன்னு இவங்களுக்கு வாக்கு கொடுத்தேன். ஆனா உங்களைச் சும்மா உக்கார வைக்க யாரால முடியும்? அதான்…"

"அதான் எனக்கு விளையாட ஒரு மேசை."

அவள் மருந்துப் பையின் வாயை மடித்து மூடினாள்.

லிஃப்ட்காரர் தன் வலது கையைப் பார்த்தார். அந்தக் குழாயை முறுக்கியபோது, இறுகிவிட்டது என்று இந்தக் கைதான் சொன்னது. வாழ்நாள் முழுக்க இதன் பேச்சை நம்பித்தான் "ஏறலாம்" என்றிருக்கிறார். எப்போதிருந்து இது பொய் சொல்ல ஆரம்பித்தது? குழாயிலா? அதற்கும் முன்பா? வேலையிலிருந்த கடைசி நாட்களில், தாய்மார்கள் குழந்தை வண்டியோடு ஏறிப்போனார்களே, அப்போதேவா? அதற்கு மேல் யோசிக்கத் தைரியம் வரவில்லை.

"எழுந்திரு, போகலாம். இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க வேண்டாம்."

"நீங்க போங்க. நான் சாப்பிட்டுட்டு வர்றேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வெளியே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவர் வெளியே வந்து சாவிக்கடை ஓரமாக நின்றார். வீட்டுக்குப் போக நினைத்தார். போகாமல் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார்.

கண்ணாடிக்குள் அவளுக்குச் சாப்பாடு வந்தது. மேசை சாய்ந்தது. இடது கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டாள். கடைக்காரம்மா எதிரில் வந்து உட்கார்ந்தார். இருவரும் சிரிப்பார்கள் என்று லிஃப்ட்காரர் காத்திருந்தார். சிரித்தால் கோபப்பட்டுக்கொள்ளலாம், அந்தக் கோபத்தோடு வீடு போய்ச் சேரலாம். அவர்கள் சிரிக்கவில்லை. அவள் ஏதோ சொன்னாள்; கடைக்காரம்மா அவள் தோளைத் தொட்டார். விடைபெறுகிறவளிடம் நடந்துகொள்வது போல இருந்தது அது. அடுத்த வாரம் வரமாட்டேன் என்று சொல்லியிருப்பாள். நான் வராமல் அவள் எந்த முகத்தோடு இங்கே வருவாள்?

அவர் மறுபடி கதவைத் தள்ளினார். அவர் வருவதைப் பார்த்துக் கடைக்காரம்மா எழுந்தார்.

"அந்தக் குழாய்… நான் சரியா முறுக்கலம்மா. உங்களுக்குப் பெரிய கஷ்டம் கொடுத்துட்டேன். தெரியாமலே இருந்திருக்கேன். மன்னிச்சுக்கணும்."

"அது பழைய குழாய் ஐயா. என்னைக்கா இருந்தாலும் போயிருக்கும்."

"இல்லம்மா. அது நல்ல குழாய்."

கடைக்காரம்மா, "சோறு கொண்டுவர்றேன்" என்று உள்ளே போனார்.

அவர் மனைவிக்கு எதிரில் உட்கார்ந்தார். மேசை அவர் பக்கம் சாய்ந்தது. கை தானாகப் பைக்குப் போனது; பாதி வழியில் நிறுத்திக்கொண்டார். பக்கத்து மேசையில் யாரோ கரண்டியைக் கீழே வைத்த சத்தம்கூடத் தன்னைப் பற்றியது என்று தோன்றியது.

"பசிக்குதா?" என்றாள் மனைவி.

"ம்."

அவள் தன் கிண்ணத்திலிருந்த மீன் துண்டை அவருடைய காலித் தட்டுக்கு நகர்த்தினாள். அவர் அதைத் தொடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"அடுத்த வாரம் என்ன பண்றது?" மேசை விரிப்பைப் பார்த்தபடி கேட்டாள்.

"வருவோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "ஆடாத மேசையா ஒண்ணு கொடுக்கச் சொல்லு அவங்களை."

"நான் எத்தனையைத்தான் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

சமையல்கட்டுத் திரைச்சீலை விலகியது. கடைக்காரம்மா சோற்றுக் கிண்ணத்தோடு வந்தார். லிஃப்ட்காரர் மேசை விளிம்பை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றார்.